ரொட்டீன் என்று எழுதிய சீட்டு

அந்தச் சீட்டில் இருந்தது என் கையெழுத்துதான். கிருமித் தொற்று தீவிரமானால் ரத்தத்தில் ஏறும் புரோகால்சிடோனின் என்ற பொருளின் கட்டத்தில் ஒரு டிக். 'பரிசோதனைக்கான காரணம்' என்ற இடத்தில் 'ரொட்டீன்' என்று ஒரே ஒரு சொல். பல வருடங்கள் ஆகிவிட்டன. இன்றும் தீவிர சிகிச்சைப் பிரிவில் ரத்தப் பரிசோதனைச் சீட்டைக் கையில் எடுக்கும்போதெல்லாம் அந்தச் சொல் கண்முன் வந்து நிற்கிறது.

நோயாளி அறுபது வயதைத் தாண்டியவர். வயிற்றுப் பெருந்தமனி வீங்கி, வெடிக்கும் நிலையில் கொண்டுவந்தார்கள். வயிற்றைத் திறந்து செய்த பெரிய ஆபரேஷன். நிறைய ரத்தம் போயிற்று, நிறைய ஏற்றவும் வேண்டியிருந்தது. எங்களிடம் வந்தபோது வென்டிலேட்டரில் இருந்தார். ரத்த அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்க நார்அட்ரினலின் ஓடிக்கொண்டிருந்தது. மறுநாள் மாலைக்குள் அந்த மருந்தைப் பாதிக்கும் கீழே குறைத்துவிட்டோம். சிறுநீர் நன்றாகப் போனது. காய்ச்சல் 38 டிகிரியைத் தொட்டும் தொடாமலும் இருந்தது. அன்று இரவு டியூட்டி எனக்கு. பகலில் அனுப்பிய ரத்தத்தின் ரிப்போர்ட் நள்ளிரவுக்கு மேல் வந்தது. புரோகால்சிடோனின் 11 நானோகிராம். ஆரோக்கியமாக இருப்பவருக்கு அது 0.1க்கும் கீழேதான் இருக்கும்.

கட்டிலுக்குப் போய்ப் பார்த்தேன். கை, கால் கதகதப்பாக இருந்தன. "டாக்டர், சாயங்காலத்தைவிட இப்போ நல்லாத்தான் இருக்கார்" என்றார் பக்கத்தில் இருந்த சிஸ்டர். காதில் விழுந்தது, மனதில் ஏறவில்லை. மனது முழுக்கப் பதினொன்றுதான் இருந்தது. இவ்வளவு ஏறியிருக்கிறது என்றால் எங்கேயோ கிருமி இருக்கத்தான் வேண்டும், விடிவதற்குள் ஏதாவது ஆகிவிட்டால் என்ன பதில் சொல்வேன் என்று பயந்து, வலுவான இரண்டு ஆன்டிபயாட்டிக்குகளை ஆரம்பித்தேன். அதில் ஒன்று சிறுநீரகத்தைப் பதம் பார்க்கக்கூடியது. ஆபரேஷனின்போது பெருந்தமனியைக் கவ்வி அடைத்ததில் அந்தச் சிறுநீரகங்கள் ஏற்கெனவே அடி வாங்கியிருந்தன. நான்காவது நாள், சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின் ரத்தத்தில் ஏறியது, ஆறாவது நாள் டயாலிசிஸ். ரத்தம், சளி, சிறுநீர் என்று எடுத்துக் கிருமியை வளர்த்துப் பார்த்த எந்தக் கல்ச்சரிலும் எதுவும் வளரவில்லை.

அவர் பிழைத்து வீட்டுக்குப் போனார். சிறுநீரகமும் மீண்டது. ஆனால் மூன்று, நான்கு நாளில் வார்டுக்குப் போயிருக்க வேண்டிய மனிதர் மூன்று வாரம் எங்களிடம் இருந்தார். பிறகு அந்தக் கோப்பைப் பிரித்து வைத்து எங்கே தவறு என்று நாங்கள் பேசியபோதுதான் அந்தச் சீட்டு வெளியே வந்தது. ரொட்டீன். எதைத் தெரிந்துகொள்ள அனுப்பினேன் என்று எனக்கே தெரியாது. கேள்வி எதுவும் இல்லாமல் ஒரு பதிலை வாங்கி வைத்துக்கொண்டு, அந்தப் பதிலுக்கு ஏற்ற நோயை நானாக உண்டாக்கியிருந்தேன்.

பயோமார்க்கர் என்ற சொல்லுக்குப் பெரிய பெரிய விளக்கங்கள் உண்டு. உடலுக்குள் நடப்பதை வெளியிலிருந்து அளந்து சொல்லும் ஓர் அடையாளம், அவ்வளவுதான். அந்தக் கணக்கில் காய்ச்சலும் நாடித்துடிப்பும்கூட அதில்தான் சேரும். ஐ.சி.யு.வில் நாங்கள் அந்தச் சொல்லைச் சொன்னால் பெரும்பாலும் ரத்தத்திலோ சிறுநீரிலோ அளக்கும் ஒரு பொருளைக் குறிக்கிறோம். இங்கே அதற்கு இவ்வளவு மதிப்பு வந்ததற்குக் காரணம் இருக்கிறது. எங்கள் நோயாளிகளில் பலரால் பேச முடியாது. எங்கே வலிக்கிறது, எப்போதிலிருந்து என்று கேட்க முடியாது. மயக்க மருந்தும் வென்டிலேட்டரும் எல்லா முகங்களையும் ஒரே மாதிரி ஆக்கிவிடுகின்றன. அப்படி இருக்கும்போது, ரத்தமாவது பேசட்டுமே என்று அதன் பக்கம் காதைக் கொடுக்கிறோம்.

ரத்தம் பேசுகிறது, சந்தேகமில்லை. ஆனால் அது பேசும் மொழியில் சொற்கள் மிகக் குறைவு. புரோகால்சிடோனினையே எடுத்துக்கொள்வோம். கால்சிடோனின் என்ற ஹார்மோனுக்கு முந்தைய வடிவம் அது. சாதாரணமாகத் தைராய்டு சுரப்பியில் உருவாகி, அங்கேயே வெட்டப்பட்டு ஹார்மோனாக மாறிவிடும். ரத்தத்துக்கு மிச்சம் ஏறக்குறைய எதுவும் வராது. பாக்டீரியா தொற்று தீவிரமாகும்போது கல்லீரல், கொழுப்பு, தசை என்று உடலின் பல திசுக்களும் அதைத் தயாரிக்கத் தொடங்கிவிடுகின்றன. அந்தத் திசுக்களுக்கு அதை வெட்டத் தெரியாது. அதனால் முழுசாகவே ரத்தத்தில் கொட்டுகிறது. தூண்டுதல் கிடைத்த 2 முதல் 4 மணி நேரத்தில் ஏற ஆரம்பித்து, ஒரு நாளுக்குள் உச்சத்தைத் தொடும். தூண்டுதல் நின்றால் சுமார் 24 மணி நேரத்துக்கு ஒரு முறை பாதியாகும். செப்சிஸ், அதாவது தொற்றுக்கு உடல் காட்டும் எதிர்வினையே உறுப்புகளைக் கெடுக்கும் நிலை, வந்த நோயாளிகளிடம் இது உயர்கிறது என்பதை 1993இல் பிரெஞ்சு மருத்துவர்கள் எழுதினார்கள். அழற்சியைக் காட்டும் இன்னொரு ரத்தப் புரதமான சி.ஆர்.பி. அதற்கு மிகவும் மூத்தது. 1930இல் நியூயார்க் ராக்ஃபெல்லர் நிறுவனத்தில் நிமோனியா நோயாளிகளின் ரத்தத்தில் டில்லட், ஃபிரான்சிஸ் என்ற இருவர் கண்டுபிடித்தது. அது மெதுவாக ஏறி மெதுவாக இறங்கும், சின்ன உரசலுக்கும் குதிக்கும்.

இதில் கவனிக்க வேண்டிய சொல் 'தூண்டுதல்'. திசுக்களுக்குக் கிருமியைத் தெரியாது, ஆபத்தின் சமிக்ஞையைத்தான் தெரியும். பெரிய விபத்து, தீக்காயம், இதயம் செயலிழந்து வரும் அதிர்ச்சி நிலை, பெரிய ஆபரேஷன் இவை எல்லாமே அதே சமிக்ஞையை அனுப்பும். பெரிய அறுவைக்கு மறுநாள் புரோகால்சிடோனின் உச்சத்தில் இருப்பது எதிர்பார்க்க வேண்டிய விஷயம். என் நோயாளிக்கு வந்த பதினொன்றில் அதிசயமே இல்லை. அன்று அந்தப் பரிசோதனையை அனுப்பியதுதான் அதிசயம்.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 2013இல் 30 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, செப்சிஸ் உள்ள 100 பேரில் 77 பேரைப் புரோகால்சிடோனின் சரியாகக் காட்டியது. கிருமி இல்லாமல் வேறு காரணத்தால் அழற்சி வந்த 100 பேரில் 79 பேரைச் சரியாக விலக்கியது. கேட்க மோசமில்லை. இப்போது, செப்சிஸாக இருக்கும் என்று நாம் பத்தில் ஒரு பங்குதான் சந்தேகிக்கும் 100 பேருக்கு இந்தப் பரிசோதனையை அனுப்புவோம். உண்மையிலேயே செப்சிஸ் உள்ள 10 பேரில் 8 பேருக்கு எண் ஏறியிருக்கும். இல்லாத 90 பேரில் 19 பேருக்கும் ஏறியிருக்கும். ஆக, எண் ஏறிய 27 பேரில் 8 பேருக்குத்தான் நோய். மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. சந்தேகம் பாதிக்குப் பாதியாக இருந்தால்? நோயுள்ள 50 பேரில் 11, 12 பேரைத் தவறவிடுவோம். கிருமி இல்லை என்று நம்பி அவர்களுக்கு மருந்தை நிறுத்தி வைக்க எனக்குத் துணிச்சல் வராது. எந்தப் பக்கம் பார்த்தாலும், ஆன்டிபயாட்டிக்கை ஆரம்பிக்கலாமா வேண்டாமா என்ற முடிவை இந்த எண்ணிடம் ஒப்படைக்க முடியாது. 2021இல் வந்த உலகளாவிய செப்சிஸ் வழிகாட்டுதலும், ஆரம்பிக்கும் முடிவுக்கு இதைச் சேர்த்துக்கொள்ள வேண்டாம் என்றே சொல்கிறது.

டென்மார்க்கில் 1,200 பேரிடம் நடந்த ஓர் ஆய்வை நான் பல முறை படித்திருக்கிறேன். 2011இல் வெளிவந்தது. தினமும் புரோகால்சிடோனின் பார்ப்பது. ஏறினால் உடனே ஆன்டிபயாட்டிக்கை வலுவாக்குவது, கூடுதல் கல்ச்சர், ஸ்கேன் என்று தேடுவது. அதாவது அன்று இரவு நான் செய்ததை ஒரு திட்டமாகவே வகுத்துச் செய்து பார்த்தார்கள். ஒரு உயிர்கூடக் கூடுதலாகப் பிழைக்கவில்லை. ஐ.சி.யு.வில் இருந்த நாட்கள் கூடின, உறுப்புகளுக்குப் பாதிப்பும் கூடியது. முதல் முறை அதைப் படித்தபோது அந்தப் பெருந்தமனி நோயாளியின் டயாலிசிஸ் இயந்திரச் சத்தம்தான் ஞாபகத்துக்கு வந்தது.

சரி, அப்படியானால் இந்தப் பரிசோதனையே வேண்டாமா? வேண்டும். இதே எண் இறங்கும்போது நமக்குப் பெரிய உதவி செய்கிறது. ஆன்டிபயாட்டிக்கை ஆரம்பிப்பது எளிது. பயம் வந்தாலே போதும், ஆரம்பித்துவிடுவோம். நிறுத்துவதற்குத்தான் கை வராது. ஐந்தாவது நாள், நோயாளி தேறிக்கொண்டிருக்கிறார், ஆனால் இன்னும் வென்டிலேட்டரில்தான் இருக்கிறார். நிறுத்தினால் திரும்ப வந்துவிடுமோ? இன்னும் இரண்டு நாள் போகட்டுமே? இப்படி இரண்டிரண்டு நாளாக நீண்டு பதினான்கு நாள் ஆகிவிடும். அதற்குள் குடலில் இருக்கும் நல்ல கிருமிகள் அழிந்து, மருந்துக்கு அடங்காத கிருமிகள் இடம்பிடித்திருக்கும்.

அங்கேதான் இறங்கும் எண் கைகொடுக்கிறது. உச்சத்திலிருந்து 80 சதவீதம் இறங்கிவிட்டால், அல்லது 0.5க்குக் கீழே வந்துவிட்டால், நிறுத்துவதைப் பற்றி யோசிக்கலாம். பிரான்சில் 621 பேரிடம் நடந்து 2010இல் வெளிவந்த ஆய்வில், 28 நாளில் ஆன்டிபயாட்டிக் இல்லாத நாட்கள் 11.6லிருந்து 14.3 ஆகக் கூடின. நெதர்லாந்தில் 1,546 பேரிடம் நடந்து 2016இல் வந்த ஆய்வில் ஏழு நாள் சிகிச்சை ஐந்து நாளாகக் குறைந்தது. 28 நாளுக்குள் இறந்தவர்கள் வழக்கமான சிகிச்சையில் 25 சதவீதம், புரோகால்சிடோனின் பார்த்து நிறுத்தியவர்களில் 20 சதவீதம். சீக்கிரம் நிறுத்தியதால் ஆபத்து வரவில்லை என்பதே எனக்குப் போதும், இறப்பு குறைந்ததை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. 2024 கடைசியில் பிரிட்டனிலிருந்து 2,760 பேரின் ஆய்வு வந்தது. அதில் எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு ஒன்று உண்டு: கட்டிலருகே இருந்த மருத்துவர்களுக்கு எண்ணையே காட்டவில்லை. எண்ணை வைத்து உருவான ஆலோசனை மட்டும் தினமும் போனது. வழக்கமான சிகிச்சையோடு ஒப்பிட்டால், புரோகால்சிடோனின் பார்த்த குழுவில் சுமார் ஒரு நாள் சிகிச்சை குறைந்தது, சி.ஆர்.பி. பார்த்த குழுவில் குறையவில்லை. ஒரு நாள் என்பது சின்ன லாபம்தான். அந்தச் சின்ன லாபத்தை உள்ளபடி ஏற்றுக்கொள்வது நல்லது. இந்தத் துறை பெரிய வாக்குறுதிகளை நிறையக் கேட்டுவிட்டது. 2010இல் ஒரு கட்டுரை எண்ணிப் பார்த்தபோது செப்சிஸுக்கு மட்டும் 178 பயோமார்க்கர்கள், 3,370 ஆய்வுகள். பத்து வருடம் கழித்து எண்ணியபோது 258. அவற்றில் நான் கட்டிலருகே உண்மையிலேயே பயன்படுத்துபவற்றை ஒரு கைவிரலில் எண்ணிவிடலாம்.

அந்த ஒரு கை விரல்களில், செல்கள் சர்க்கரையை உடைக்கும்போது உருவாகும் லாக்டேட்டுக்கு நிச்சயம் இடம் உண்டு. அதன் கதை பழையது. 1843இல் ஜெர்மானிய மருத்துவர் ஷெரர், பிரசவக் காய்ச்சலில் இறந்த பெண்களின் ரத்தத்தில் லாக்டிக் அமிலம் இருந்ததை எழுதி வைத்தார். கிருமிதான் நோய்க்குக் காரணம் என்று நிரூபணமாவதற்கும் முன்பு! கொடிய நோயில் ரத்தத்துக்குள் இது வருகிறது என்று அப்போதே ஒருவர் பார்த்துவிட்டார். இன்று பிளட் கேஸ் மெஷினில் ஒன்றிரண்டு சொட்டு ரத்தம் விட்டால் இரண்டு நிமிடத்தில் அது தெரிந்துவிடுகிறது. 2016இல், செப்சிஸ் முற்றி ரத்த அழுத்தம் சரியும் செப்டிக் ஷாக்கின் வரையறைக்குள்ளேயே அதைச் சேர்த்தார்கள்: போதுமான திரவம் கொடுத்த பிறகும் ரத்த அழுத்தத்துக்கு மருந்து தேவைப்பட வேண்டும், லாக்டேட்டும் 2 மில்லிமோலுக்கு மேல் இருக்க வேண்டும்.

லாக்டேட் ஏறினால் திசுக்களுக்கு ஆக்சிஜன் போதவில்லை என்று படிக்கும் காலத்தில் மனப்பாடம் செய்தோம். அது பாதி உண்மை. அட்ரினலின் மருந்து ஓடினாலும் ஏறும், ஆஸ்துமாவுக்குச் சால்பியூட்டமால் நிறையக் கொடுத்தாலும் ஏறும். சர்க்கரையை வேகமாக உடைக்கச் சொல்லி அந்த மருந்துகள் செல்களை முடுக்கிவிடுவதுதான் காரணம், ஆக்சிஜன் பற்றாக்குறை அங்கே இல்லை. கல்லீரல் சரியில்லை என்றால் உருவானதை அகற்ற ஆளில்லாமல் தேங்கும். ரத்தம் எடுத்த குழாய் மேசையில் கிடந்தால், அதற்குள் இருக்கும் செல்கள் சர்க்கரையைத் தின்றுகொண்டே இருந்து அதை உயர்த்திவிடும். இது எதையும் யோசிக்காமல், லாக்டேட் இறங்கவில்லையே என்று சலைனை ஏற்றிக்கொண்டே போனால் நுரையீரலில்தான் தண்ணீர் கோக்கும்.

இதற்கு ஒரு எளிய துணை இருக்கிறது. நோயாளியின் ஆள்காட்டி விரல் நுனியை ஒரு கண்ணாடிச் சில்லால் அழுத்துங்கள். தோல் வெளுக்கும் வரை அழுத்தி, பத்து வினாடி அப்படியே பிடித்து, விடுங்கள். வெளுத்த இடத்தில் மறுபடி சிவப்பு பரவ எத்தனை வினாடி ஆகிறது? மூன்று வினாடிக்கு மேல் போனால் தோலுக்குப் போகும் ரத்த ஓட்டம் சரியில்லை. அர்ஜென்டினா, சிலி, கொலம்பியா, எக்வடோர், உருகுவே ஆகிய ஐந்து நாடுகளில் 424 செப்டிக் ஷாக் நோயாளிகளை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு லாக்டேட்டைப் பார்த்துச் சிகிச்சை. மறு பாதிக்கு அரை மணிக்கு ஒரு முறை விரல் நுனியைப் பார்த்துச் சிகிச்சை. 2019இல் முடிவு வந்தது. 28 நாளில் இறப்பு லாக்டேட் குழுவில் 43.4 சதவீதம், விரல் நுனிக் குழுவில் 34.9 சதவீதம். புள்ளியியல் கணக்கில் அந்த வித்தியாசம் மயிரிழையில் உறுதியாகவில்லை. ஆனாலும் விரல் நுனி லாக்டேட்டைவிட மோசமில்லை என்பதை அறிந்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி சாதாரணமானதில்லை. காரணம், அரை மணிக்கு ஒரு முறை விரலைத் தொட வேண்டுமானால் கட்டிலருகே போயாக வேண்டும். அன்று அந்த சிஸ்டர் கட்டிலருகே இருந்தார், நான் கம்ப்யூட்டர் அருகே இருந்தேன்.

இதயத்தையும் ரத்தக்கட்டியையும் பற்றிச் சொல்லும் டிரோபோனின், டி-டைமர், பி.என்.பி. பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. வெளியே அவசரப் பிரிவில் அவை தங்கம். உள்ளே வந்துவிட்ட பிறகு அநேகமாக எல்லோருக்கும் டி-டைமர் ஏறித்தான் இருக்கும். டிரோபோனின் இதயத் தசை காயப்பட்டதைச் சொல்லும்; ரத்தக்குழாய் அடைத்ததா, செப்சிஸா, சிறுநீரகச் செயலிழப்பா, நுரையீரலில் ரத்தக்கட்டியா என்று சொல்லாது. ஈ.சி.ஜி.யையும் எக்கோவையும் பக்கத்தில் வைத்துத்தான் அதைப் படிக்க வேண்டும்.

கிரியாட்டினினிடம் எனக்குத் தனி மனத்தாங்கல் உண்டு. சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் ஏறக்குறைய பாதி போன பிறகுதான் அது வாயைத் திறக்கும், அதுவும் ஒன்றிரண்டு நாள் கழித்து. அப்புறம் இன்னொரு சிக்கல். கிரியாட்டினின் தசையிலிருந்து வருவது. ஐ.சி.யு.வில் தசை கண்ணெதிரே கரையும். பத்து நாளில் தொடைத் தசையின் குறுக்களவு சராசரியாக 17.7 சதவீதம் குறைவதை 2013இல் அளந்து காட்டினார்கள். தசை குறைந்தால் கிரியாட்டினினும் குறையும். மூன்று வாரம் படுத்திருந்தவரின் ரிப்போர்ட்டில் 0.7 என்று பார்த்து, சிறுநீரகம் நன்றாக இருக்கிறது என்று முழு அளவு மருந்து எழுதினால் ஏமாந்துபோவோம்.

சிறுநீரகச் செல்கள் அடிபட்டதை முன்கூட்டியே சொல்லும் இரண்டு புரதங்களைச் சிறுநீரில் அளக்கும் பரிசோதனைக்கு 2014இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. செல்கள் ஆபத்தை உணர்ந்து பிளவுபடுவதை நிறுத்திக்கொள்ளும்போது சுரக்கும் புரதங்கள் அவை. இதய ஆபரேஷனுக்குப் பிறகு இந்த எண் ஏறிய 276 பேரை எடுத்து, பாதிப் பேருக்கு மட்டும் சிறுநீரகத்தைக் காக்கும் கவனிப்பை இம்மி பிசகாமல் கொடுத்தார்கள்: ரத்த அழுத்தம், திரவ அளவு, சர்க்கரை ஆகியவற்றில் கவனம், சிறுநீரகத்தைக் கெடுக்கும் மருந்துகளைத் தவிர்ப்பது. சிறுநீரகப் பாதிப்பு 71.7 சதவீதத்திலிருந்து 55.1 ஆனது. ஜெர்மனியில் நடந்தது, 2017இல் வெளிவந்தது. இதை ஏன் விரிவாகச் சொல்கிறேன் என்றால், இங்கே எண் ஏறியதும் என்ன செய்வது என்று முன்பே முடிவாகியிருந்தது. அந்தப் பெருந்தமனி நோயாளிக்கு இப்படி ஒரு பரிசோதனை கையில் இருந்திருந்தால், அந்த மருந்தை எழுதும் முன் என் பேனா ஒரு நொடி தயங்கியிருக்கும்.

இன்னொரு நோயாளியைப் பற்றியும் சொல்ல வேண்டும். இதயம் நின்றுபோய், மீட்டெடுத்துக் கொண்டுவரப்பட்ட பெண். நினைவு திரும்பவில்லை. மூளை எவ்வளவு பாதிக்கப்பட்டிருக்கிறது என்று அறிய நியூரான் எனொலேஸ் என்ற நொதியை ரத்தத்தில் அளப்போம். நரம்புச் செல்கள் சிதையும்போது அது வெளியே கொட்டும். 48 அல்லது 72 மணி நேரத்தில் 60 மைக்ரோகிராமுக்கு மேல் இருந்தால் மீள்வது கடினம் என்று ஐரோப்பிய வழிகாட்டுதல் சொல்கிறது. இந்தப் பெண்ணுக்கு 48 மணி நேரத்தில் 92. அன்று மாலை மகனை உட்கார வைத்து, நம்பிக்கை குறைவு என்று சொல்லிவிட்டேன். "அப்போ சொந்தக்காரங்களுக்குச் சொல்லிடவா, டாக்டர்?" என்று கேட்டார். தலையை ஆட்டினேன்.

இரவு எட்டு மணிக்கு லேபிலிருந்து டெக்னீஷியன் போன் செய்தார். "டாக்டர், அந்த சாம்பிள் சிவப்பா இருக்கு. செல் உடைஞ்சிருக்கு. இந்த ரிசல்ட்டை எடுத்துக்காதீங்க." கீழே இறங்கிப் போய்ப் பார்த்தேன். சுழற்றி வைத்த குழாயில் மேலே தெளிந்த மஞ்சளாக நிற்க வேண்டிய சீரம், ரோஜாப்பூ நிறத்தில் இருந்தது. அதே நொதி சிவப்பணுக்களுக்குள்ளும் இருக்கிறது. மெல்லிய ஊசியில் கஷ்டப்பட்டு இழுத்தாலோ, குழாயைக் குலுக்கினாலோ செல்கள் உடைந்து அந்த நொதி கொட்டிவிடும். நான் மூளையின் சேதம் என்று மகனிடம் சொன்னது, ஊசி வழியே வந்த சேதம். மறுநாள் காலை தமனிக் குழாயிலிருந்து பதமாக எடுத்து அனுப்பினோம். 26 வந்தது. மகனைத் தேடிப் போய், நேற்றுச் சொன்னது தவறு, மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். ஒன்பதாவது நாள் அந்தப் பெண் கண்ணைத் திறந்து மகன் பக்கம் திரும்பினார். நடப்பதற்கும் பழைய விஷயங்களை நினைவுபடுத்திக்கொள்வதற்கும் பல மாதங்கள் ஆயின.

வழிகாட்டுதலை நான் ஒழுங்காகப் பின்பற்றியிருந்தாலே அப்படிச் சொல்லியிருக்க மாட்டேன். குறைந்தது 72 மணி நேரம் பொறுத்து, அப்போதும் நினைவு திரும்பாமல் இருந்தால், கண்பாவை அனிச்சை, மூளை அலைப் பதிவு, நரம்புத் தூண்டல் பரிசோதனை, ஸ்கேன், இந்த நொதி ஆகியவற்றில் குறைந்தது இரண்டு ஒரே திசையில் கை காட்ட வேண்டும் என்பதுதான் அது சொல்வது. ஒற்றை எண் போதாது. இதில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது, அதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்தது. லேபிலிருந்து போன் வராமல், நான் சொன்னதை நம்பி குடும்பம் வென்டிலேட்டரை விலக்கச் சம்மதித்திருந்தால் அவர் இறந்திருப்பார். எண் அதிகம், ஆகவே இறந்தார் என்று கோப்பில் பதிவாகியிருக்கும். தவறான எண் சரியான எண்ணாகவே நிலைத்திருக்கும். எத்தனை கோப்புகளில் அப்படி நடந்திருக்கும் என்று யாராலும் எண்ண முடியாது.

எனக்கு நம்பிக்கை தரும் பக்கம், யாருக்கு எந்தச் சிகிச்சை என்று பிரிக்க பயோமார்க்கரைப் பயன்படுத்துவது. கோவிட் காலத்தில் பிரிட்டனின் ரெக்கவரி ஆய்வு, ஆக்சிஜன் தேவைப்படுகிறவர்களில் சி.ஆர்.பி. 75 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருந்தவர்களை மட்டும் தேர்ந்தெடுத்து, அழற்சியை அடக்கும் டோசிலிசுமாப் மருந்தைக் கொடுத்தது. 4,116 பேரில் இறப்பு 35 சதவீதத்திலிருந்து 31 ஆனது. கொழுந்துவிட்டு எரியும் வீட்டுக்கு மட்டும் தண்ணீர் விடுவது போல. ஏ.ஆர்.டி.எஸ். என்று ஒரே பெயரில் நாம் அழைக்கும் நுரையீரல் நோய்க்குள்ளும் இரண்டு விதம் இருப்பதை 2014இல் பழைய ஆய்வுகளின் ரத்த மாதிரி விவரங்களிலிருந்து கண்டுபிடித்தார்கள். அழற்சி மிகுந்த வகையில் மூச்சை விட்ட பிறகும் நுரையீரலில் நிற்கும்படி வென்டிலேட்டர் வைத்திருக்கும் பீப் அழுத்தத்தைக் கூட்டியபோது இறப்பு 51லிருந்து 42 சதவீதமாக இறங்கியது. அழற்சி குறைந்த வகையில் அதே அழுத்தம் இறப்பை 16லிருந்து 24ஆக உயர்த்தியது. இரண்டையும் கலந்து சராசரி பார்த்தால் எந்த வித்தியாசமும் இல்லை என்று தோன்றும். இது பின்னோக்கிப் பார்த்த கணக்கு, இதை வைத்து இன்றே வென்டிலேட்டரைத் திருப்ப மாட்டேன். ஆனால், ஆளுக்கு வந்த நோய்க்கு ஏற்ற மருந்து என்ற பழைய ஆசைக்கு ஒரு வழி தெரிகிறது.

அதுவரை, எடுக்கும் ஒவ்வொரு குழாயும் ஒருவரின் ரத்தம் என்பதாவது நினைவில் இருக்க வேண்டும். மேற்கு ஐரோப்பாவில் 146 ஐ.சி.யு.க்களில் கணக்கெடுத்தபோது பரிசோதனைக்காக மட்டும் ஒரு நோயாளியிடமிருந்து தினமும் சராசரியாக 41 மில்லி ரத்தம் எடுக்கப்பட்டது. ஒரு வாரத்தில் ஏறக்குறைய 300 மில்லி! அப்புறம் ஹீமோகுளோபின் இறங்கிவிட்டது என்று ரத்தம் ஏற்றுகிறோம். கனடாவில் 25 ஐ.சி.யு.க்களில் சின்னக் குழாய்களுக்கு மாறிப் பார்த்தார்கள், பரிசோதனை செய்ய ரத்தம் போதாமல் போனதே அபூர்வம். சின்னக் குழாய் நல்ல ஏற்பாடுதான். அனுப்பவே தேவையில்லாத குழாயை அனுப்பாமல் இருப்பது அதைவிட நல்லது. எங்கள் பிரிவில் மாலை ரவுண்ட்ஸில் மறுநாளுக்கான பரிசோதனைகளை ஒவ்வொன்றாக வாய்விட்டுச் சொல்லி, எதற்கு என்றும் சொல்ல வேண்டும். பதில் இல்லாதவற்றை அடித்துவிடுவோம்.

போன வாரம் நிமோனியாவிலிருந்து தேறி வரும் ஒருவரின் கட்டிலருகே நின்றிருந்தோம். "நாளைக்குப் புரோகால்சிடோனின் அனுப்பணும்" என்றார் புதிதாகச் சேர்ந்திருக்கும் இளம் டாக்டர்.

"எதுக்கும்மா?"

"முந்தாநாள் 10, நேத்து 5.2, இன்னிக்கு 2.6. நாளைக்கு 2க்குக் கீழே வந்துட்டா எண்பது சதவீதம் இறங்கின மாதிரி. காய்ச்சலும் இல்லை, ஆக்சிஜனும் குறைச்சாச்சு. நிறுத்திடலாம் சார்."

"வரலைன்னா?"

கொஞ்சம் யோசித்தார். "ஆள் இப்படியே நல்லா இருந்தா, ஏழாவது நாள் எப்படியும் நிறுத்திடலாம். மோசமானா எண்ணைப் பார்க்காம நெஞ்சை மறுபடி ஸ்கேன் பண்ணணும்."

அனுப்பச் சொன்னேன். மறுநாள் 1.7 வந்தது. காலை ரவுண்ட்ஸில் ஆன்டிபயாட்டிக்கை நிறுத்தினோம். அந்த மருந்துக்காகவே விட்டு வைத்திருந்த கழுத்துக் குழாயை மத்தியானத்துக்குள் எடுத்துவிட்டார்கள். குழாய் இருந்த இடத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டே, தலையைப் பக்கவாட்டில் நன்றாகத் திருப்ப முடிகிறது என்றார் அவர்.